துறைமுக வேலை முடிந்த பிறகு என்ன அளக்க வேண்டும்? முகத்துவாரம் முதல் வடக்குக் கரை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

புதுச்சேரி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குத் திரும்பி வரும் விசைப்படகுகளை முகத்துவாரத்தில் நின்று கொஞ்ச நேரம் பாருங்கள். வாய்க்கு வெளியே படகு வேகத்தைக் குறைக்கும். டிரைவர் திரும்பிப் பின்னால் வரும் அலையைப் பார்ப்பார். பெரிய அலை ஒன்று போகட்டும் என்று விட்டுவிட்டு, அதன் முதுகைப் பிடித்த மாதிரி உள்ளே நுழைவார். வாயின் இரு பக்கமும் கடலுக்குள் நீளும் தடுப்புச்சுவரும் தூர்வாரலும் வேலை செய்கின்றனவா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அந்தச் சில நொடிகளில் இருக்கிறது. மீதிப் பாதி அங்கே இல்லை. அது வடக்கே பல கிலோமீட்டர் தள்ளி, சோலை நகரிலும் கோட்டக்குப்பத்திலும் பொம்மையார்பாளையத்திலும் வீட்டு வாசல் பக்கம் வந்து நிற்கும் கடலில் இருக்கிறது.

இந்த இரண்டையும் சேர்த்து அளப்பது எப்படி என்று எழுதுகிறேன். ஆழம் அளக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு. துறைமுகம் ஒழுங்காக இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் படகுக்கு ஆழம் இருக்கிறதா, பக்கத்து ஊருக்குக் கரை இருக்கிறதா என்ற இரண்டு கணக்கும் ஒரே தாளில் இருக்க வேண்டும். இளம் பொறியாளர்களுக்கும் சிவில் மாணவர்களுக்கும் இது பயன்படும். சொந்தமாகக் கணக்கு வைத்துக்கொள்ள நினைக்கும் மீனவர் பஞ்சாயத்தாருக்கும் பயன்படும். விலை உயர்ந்த கருவி இல்லாமல் செய்யக்கூடியதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

மணல் எந்தப் பக்கம் போகிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் எதையும் அளக்கத் தொடங்கக் கூடாது. நம் கரையில் ஏறக்குறைய மார்ச் முதல் அக்டோபர் வரை அலை தெற்கிலிருந்து சாய்வாக வந்து அடிக்கிறது. கரையோர மணல் வடக்கே நகர்கிறது. வாடைக்காற்று அடிக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை அதே மணல் தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது வடக்கு நோக்கிய நகர்வு, வருடத்துக்கு லட்சக்கணக்கான கன மீட்டர். சென்னையில் 1876-ல் துறைமுக வேலை தொடங்கிய பிறகு தெற்கே மெரினா அகன்றதற்கும், வடக்கே ராயபுரம் கரையை இழந்ததற்கும் காரணம், இந்த நகர்வைத் துறைமுகச் சுவர் மறித்ததுதான்.

புதுச்சேரியில் அரியாங்குப்பம் ஆற்று வாயில் 1980-களின் பிற்பகுதியில் இரண்டு தடுப்புச்சுவர்கள் கட்டினார்கள். தெற்கில் சேரும் மணலை எடுத்து வடக்கில் கொட்டவேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது. அது தொடர்ந்து நடக்கவில்லை. கடற்கரைச் சாலைக்கு முன்னால் இருந்த மணல் போய்க் கருங்கல் குவியல் வந்தது. கல் போட்ட இடம் நின்றது. கல் முடிந்த இடத்துக்கு அடுத்தபடி அரித்தது. அங்கும் கல் போட்டார்கள், அரிப்பு இன்னும் வடக்கே தள்ளிப்போனது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று புதுச்சேரி எல்லை முடிந்து, கோட்டக்குப்பம் பக்கம் விழுப்புரம் மாவட்டத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது. 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் எஃகு அமைப்பு ஒன்றை மூழ்க வைத்து, மணலும் கொட்டி, நகரத்துக்கு முன்னால் மறுபடி ஒரு கரையைக் கொண்டுவந்தது தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம். அங்கே குழந்தைகள் மணலில் விளையாடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறைகிறது. ஆனால் அதுவும் தொடர்ந்து அளக்கவேண்டிய இன்னொரு கட்டுமானம்தான்.

படி 1: திட்டம் என்ன வாக்குக் கொடுத்தது?

பழைய திட்ட அறிக்கையை எடுத்து, அதில் சொன்ன ஒவ்வொரு பலனையும் அளக்கக்கூடிய கேள்வியாக மாற்றி எழுதுங்கள். ‘படகுகள் பாதுகாப்பாக வந்து போகும்’ என்று எழுதியிருந்தால் அதை அளக்க முடியாது. ‘தாழ்ந்த ஓதத்தில் (கடல் மட்டம் வற்றி இறங்கியிருக்கும் நேரத்தில்), 1 மீட்டர் அலையில், முழுப் பாரத்தோடு விசைப்படகு தரை தட்டாமல் நுழைய முடிகிறதா?’ என்றால் அளக்கலாம்.

அந்தக் கேள்விக்கான ஆழத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாரம் ஏற்றிய படகு தண்ணீருக்குள் 1.8 மீட்டர் அமிழ்கிறது என்று வையுங்கள். 1 மீட்டர் அலையின் பள்ளத்தில் படகு அரை மீட்டர் இறங்கும். ஆழம் குறைந்த வாய்க்காலில் வேகமாக ஓடும்போது படகு இன்னும் கொஞ்சம் கீழே இழுபடும், அதற்கு 0.2. அடியில் விடவேண்டிய பாதுகாப்பு இடைவெளி 0.5. கூட்டினால் 3 மீட்டர். உங்கள் துறைமுகத்துப் படகுகளின் அளவை நேரில் போய் டேப் வைத்து அளந்து இந்தக் கணக்கைப் போடுங்கள். அறிக்கை எழுதிய வருடத்தில் இருந்த படகுகளும் இன்றைய படகுகளும் ஒன்றல்ல. கடலூரில் இதோடு இன்னொன்றும் சேரும். அங்கே கப்பல் வெளியே நங்கூரமிட்டு நிற்கும், சரக்கு பார்ஜில் (தட்டையான சரக்குப் படகில்) வரும் என்பதுதான் பழைய வழக்கம். பார்ஜ் போகும் வழி என்றால் அதன் அமிழ்வையும் திரும்பத் தேவையான அகலத்தையும் தனியே போடவேண்டும்.

அடுத்த கேள்விகள்: மீன் இறக்கும் இடத்தில் அலை 0.3 மீட்டருக்கு மேல் எழுகிறதா? வருடத்துக்கு எவ்வளவு மணல் வடக்கே மாற்றுவதாகச் சொன்னார்கள், எவ்வளவு மாற்றினார்கள்? வடக்குக் கரை எங்கே இருக்கிறது? இந்த மாதிரி ஏழெட்டுக் கேள்வி போதும். இருபது கேள்வி எழுதினால் மூன்றாவது வருடம் ஒன்றையும் அளக்கமாட்டோம்.

படி 2: ஒரே மட்டம், ஒரே புள்ளி

இங்கேதான் நான் சூடுபட்டேன். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு முகத்துவார வேலையில் இரண்டு ஆழ வரைபடங்களை ஒப்பிட்டோம். எட்டு மாதத்தில் வாய்க்கால் முழுக்க அரை மீட்டர் தூர்ந்திருக்கிறது என்று வந்தது. கூட்டம் போட்டார்கள், தூர்வார மதிப்பீடும் தயாரானது. அப்புறம் ஒரு நாள் ராத்திரி பழைய களக் குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. முதல் அளவை சராசரி கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டிருந்தார்கள். நாங்கள் அளந்தது கடல் வரைபடங்களுக்குப் பயன்படும் தாழ்ந்த ஓத மட்டத்திலிருந்து. அந்த இரண்டு மட்டங்களுக்கும் நடுவே இருந்த வித்தியாசம்தான் அந்த அரை மீட்டர். வாய்க்கால் அப்படியேதான் இருந்தது. நம் கரையில் ஓதம் ஏறி இறங்குவதே ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள்தான். அதனால் மட்டத்தில் வரும் பிழை மொத்த முடிவையும் விழுங்கிவிடும்.

ஆகவே ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும், ஒவ்வொரு அட்டவணையின் தலையிலும், எந்த மட்டத்திலிருந்து அளந்தது என்று எழுதுங்கள். துறைமுகத்துக்குள் ஆட்டம் காணாத ஓர் இடத்தில், எல்லா உயரத்தையும் ஒப்பிட உதவும் மட்டக்கல் ஒன்று நிறுத்துங்கள். பழைய கட்டடத்தின் அஸ்திவாரமோ கான்கிரீட் மேடையோ சரிப்படும். தடுப்புச்சுவரின் மேல் வைக்காதீர்கள், அது அமிழும். இன்னும் இரண்டு கல் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒன்று ஆடினால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுக்கும். இந்திய நில அளவைத் துறையின் ஓத அட்டவணை திட்டமிட உதவும். ஆனால் அளக்கும் நாளில் உங்கள் துறைமுகத்திலேயே ஓதக்கோல் நட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு ஆள் படித்து எழுதவேண்டும். காற்றும் ஆற்று வெள்ளமும் நீர்மட்டத்தைத் தூக்கிவிடும். அது அட்டவணையில் வராது.

கட்டுமானத்துக்கு முந்தைய நிலை என்ன என்பதும் இங்கேயே சேகரிக்க வேண்டியது. 1980-களின் நடுவிலிருந்து லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 30 மீட்டர் நுணுக்கத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2015-க்குப் பிறகு சென்டினல்-2 படங்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில் இருக்கின்றன. பழைய கடல் வரைபடங்களை டேராடூனில் உள்ள தேசிய நீர்ப்பரப்பு அளவை அலுவலகத்திலிருந்து வாங்கலாம். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, ‘வலை காயப்போட்ட இடம் எது, படகு ஏற்றிவைத்த இடம் எது’ என்று தரையில் நடந்து குறித்துக்கொள்வதும் ஆவணம்தான். அதை நான் எப்போதும் செய்வேன்.

படி 3: முகத்துவாரத்தின் ஆழம்

வருடத்துக்கு மூன்று முறை. அக்டோபர் தொடக்கத்தில், மழைக்கு முன் ஒன்று. ஜனவரி கடைசியில், மழையும் வாடையும் முடிந்து ஒன்று. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்குள் ஒன்று. விசைப்படகுகள் கட்டிக் கிடப்பதால் வாய்க்கால் காலியாக இருக்கும், கோடு பிசகாமல் அளக்கலாம். இவற்றுக்கு மேல், புயலோ பெருவெள்ளமோ வந்தால் கடல் அடங்கியதும் உடனே ஒன்று. 2011 தானே, 2020 நிவர், 2024 ஃபெஞ்சல் என்று நம் பகுதிக்குப் புயல் புதிதல்ல. ஒரே ராத்திரியில் வாய்க்கால் இடம் மாறலாம். பெண்ணையாறு, கெடிலம், சங்கராபரணியில் வெள்ளம் வரும்போது ஆறே முகத்துவாரத்தைக் குடைந்து ஆழப்படுத்திவிடும். அந்த ஆழத்தைப் பார்த்து ‘இந்த வருடம் தூர்வார வேண்டாம்’ என்று முடிவு எடுத்துவிடக்கூடாது. தெற்கத்தி அலை வந்ததும் அது தூர்ந்துவிடும்.

படகில் எதிரொலி ஆழமானியும், சென்டிமீட்டர் துல்லியத்தில் இடம் சொல்லும் ஜிபிஎஸ்ஸும் பொருத்தி, வாய்க்காலுக்குக் குறுக்காக 10 அல்லது 20 மீட்டருக்கு ஒரு கோடு ஓட்டுங்கள். நீளவாக்கில் இரண்டு மூன்று கோடு. வேலை தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும், ஆழமானிக்கு நேர் கீழே ஒரு இரும்புத் தகட்டைச் சங்கிலியில் 1 மீட்டர், 2 மீட்டர், 3 மீட்டர் என்று இறக்கி, கருவி அதையே காட்டுகிறதா என்று பாருங்கள். வெள்ளக் காலத்தில் ஆற்று நீரும் கடல் நீரும் கலந்து கிடக்கும்போது ஒலியின் வேகம் மாறும். இந்தச் சோதனையை விட்டால் பிழை எங்கே வந்தது என்றே தெரியாது.

கடலூர் உப்பனாற்றுப் பக்கம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கருவி 2.2 மீட்டர் காட்டியது. எங்களுக்குப் படகு ஓட்டிய பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. “தம்பி, இதுல தெனம் பாரத்தோட வர்றோம். ரெண்டேகால்னா வரமுடியுமா?” என்றார். படகின் அடிப்பலகைக்குக் கீழேயிருந்து ஓர் ஈயக்குண்டை எடுத்தார். குண்டின் அடியில் ஒரு குழி. அதில் கிரீஸ் அப்பிக் கயிற்றோடு இறக்கினார். கயிறு கொஞ்சம் தளர்ந்தது, மறுபடி மெதுவாக இறங்கியது, அப்புறம் ‘டொக்’கென்று நின்றது. கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். அந்த இரண்டு தளர்ச்சிகளும் விரலுக்குத் தனித்தனியாகத் தெரிந்தன. இழுத்தால் குண்டுக்கு மேலே ஒரு முழத்துக்குக் கயிற்றில் கறுப்புச் சேறு, கிரீஸில் ஒட்டியது கரடுமுரடான மணல். கூழ் மாதிரிச் சேறு மேலே, கெட்டி மணல் கீழே. எங்கள் கருவியின் 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி அந்தச் சேற்றின் மேல்பரப்பிலேயே பட்டுத் திரும்பியிருக்கிறது. தாழ்ந்த அதிர்வெண், 33 கிலோஹெர்ட்ஸ் மாதிரி, சேற்றுக்குள் ஊடுருவும். இரண்டு அதிர்வெண்ணும் உள்ள கருவியை வைத்து அளந்தால் மேல்மட்டம் அடிமட்டம் இரண்டும் கிடைக்கும். அந்தக் கருவி இல்லாவிட்டால் ஈயக்குண்டைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். தூர்வாரும் ஒப்பந்தத்தில் எந்த மட்டத்தைக் கணக்கில் எடுப்பது என்பதையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள், பின்னால் வரும் சண்டை பாதி குறையும்.

முடிவைச் சொல்லும்போது சராசரி ஆழத்தைச் சொல்லாதீர்கள். வாய்க்கால் முழுக்க 4 மீட்டர் இருந்து ஒரே ஒரு திட்டில் 2 மீட்டர் என்றால், படகுக்கு அந்த வாய்க்கால் 2 மீட்டர்தான். உள்ளே வரும் பாதையில் எங்கே ஆழம் மிகக் குறைவோ அந்த எண்ணும், அந்த இடமும்தான் படகோட்டிக்கு வேண்டும்.

மணல் அளவுக்கு இரண்டு அளவைகளின் வித்தியாசத்தைப் பரப்பால் பெருக்குங்கள். 60 மீட்டர் அகலம், 300 மீட்டர் நீளமுள்ள வாய்க்கால் அரை மீட்டர் உயர்ந்தால் 9,000 கன மீட்டர். 10 கன மீட்டர் ஏற்றும் டிப்பரில் 900 லோடு. அதே வாய்க்காலில் 10 சென்டிமீட்டர் அளவைப் பிழை வந்தால் 1,800 கன மீட்டர், அதாவது 180 லோடு. பணம் கொடுப்பது இந்தக் கணக்கை வைத்துத்தான் என்பதால், பிழை எவ்வளவு இருக்கலாம் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

தூர்வாரிய பிறகு எத்தனை மாதத்தில் திரும்பத் தூர்கிறது? இதுவே நான் முதலில் கேட்கும் எண். ஜனவரியில் 4 மீட்டருக்கு வாரி, ஏப்ரலில் 3.6, ஜூலையில் 3.1 என்று வந்தால், ஆகஸ்ட் வாக்கில் 3 மீட்டர் வரம்பைத் தொட்டுவிடும். இதை ஒரு வரைகோடாகப் போட்டு வைத்தால் அடுத்த வருடம் டெண்டர் எப்போது விடவேண்டும் என்பது தானாகத் தெரியும். தரை தட்டிய பிறகு கோப்பு நகரத் தொடங்கினால், வேலை ஆரம்பிக்க இன்னொரு பருவம் போய்விடும்.

படி 4: தெற்குச் சுவரின் முனை

சின்னப் படி, ஆனால் பலர் விட்டுவிடுவது. தெற்குச் சுவரை ஒட்டி மணல் சேரச் சேரக் கரை கடலுக்குள் முன்னேறும். அந்த மணல் சுவரின் முனையை எட்டிவிட்டால், அப்புறம் முனையைச் சுற்றிக்கொண்டு நேரே வாய்க்காலுக்குள் விழும். ஆகவே தெற்குக் கரையின் நீர்க்கோட்டிலிருந்து சுவர் முனை வரை எத்தனை மீட்டர் மிச்சம் என்பதை மாதாமாதம் எழுதுங்கள். சுவர் மேல் 10 மீட்டருக்கு ஒரு பெயின்ட் கோடு போட்டு வைத்தால், நடந்து போய்ப் பார்த்தே சொல்லிவிடலாம். அந்த மிச்சம் குறையக் குறைய வாய்க்கால் வேகமாகத் தூரும். வடக்கே மாற்றிக் கொட்டவேண்டிய மணல் எங்கே தேங்கியிருக்கிறது என்பதும் தெரியும். நீருக்கு அடியில் மணல் கரைக்கோட்டைவிட முன்னே போயிருக்கும். அதனால் முனையைச் சுற்றி ஆழமும் பாருங்கள்.

படி 5: அலையும் நீவாடும்

வெளியே கடலில் அலை எவ்வளவு என்பதற்கு, புதுச்சேரிக்கு அப்பால் மிதக்கும் அலைமானி மிதவையின் பதிவு இருக்கிறது. இந்தியக் கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் தினமும் முன்னறிவிப்பும் தருகிறது. உள்ளே, மீன் இறக்கும் மேடைக்குப் பக்கத்தில், நீருக்கடியில் ஓர் அழுத்தமானியைக் கட்டி வைத்தால் உள் அலை கிடைக்கும். இரண்டையும் ஒரே நேரத்துக்குப் பொருத்தி, வெளியே 1.5 மீட்டர் இருக்கும்போது உள்ளே எவ்வளவு என்று பாருங்கள். அலை வரும் திசையைப் பொறுத்து இந்த விகிதம் மாறும். தென்கிழக்கு அலைக்கு அமைதியாக இருக்கும் துறைமுகம் வடகிழக்கு அலைக்கு ஆடலாம்.

தென்கடலில் வெகு தூரத்தில் பிறந்து வரும் நீண்ட அலைகளைத் தனியாகக் கவனியுங்கள். உயரம் கம்மியாகவே இருக்கும், பார்வைக்குக் கடல் அமைதியாகத்தான் தெரியும். ஆனால் உள்ளே கட்டிய படகுகள் முன்னும் பின்னும் இழுபட்டுக் கயிறு அறும். எந்தத் தேதியில் கயிறு அறுந்தது என்று எழுதி வைத்தாலே இதைப் பிடித்துவிடலாம்.

நீவாடு, அதாவது நீரோட்டம், பார்க்கத் தேங்காய் போதும். குடுமியோடு உள்ள தேங்காய் கிட்டத்தட்ட முழுக்க நீரில் அமிழ்ந்து மிதப்பதால், காற்று அதைத் தள்ளுவது குறைவு. ஓதம் ஏறும்போதும் இறங்கும்போதும் ஐந்தாறு காய்களுக்கு வெவ்வேறு நிறம் அடித்து வாய்க்குள் விட்டு, சுவர் மேலிருந்து நேரமும் இடமும் குறியுங்கள். நீர் எங்கே சுழல்கிறதோ அங்கேதான் மணல் படியும்.

படி 6: வடக்குக் கரை

தடுப்புச்சுவருக்கு இரண்டு பக்கமும் நிலையான புள்ளிகள் வேண்டும். தெற்கே இரண்டு மூன்று கிலோமீட்டர் போதும். வடக்கே போகிற தூரத்தை அரிப்புதான் முடிவு செய்யவேண்டும், நிர்வாக எல்லை அல்ல. புதுச்சேரியில் வடக்கே போனால் கோட்டக்குப்பமும் பொம்மையார்பாளையமும் தமிழ்நாடு. அதைத் தாண்டிக் காலாப்பட்டு மறுபடி புதுச்சேரி. கோப்புகள் இரண்டு அரசுகளிடம் இருக்கின்றன, மணல் ஒரே ஓட்டத்தில் போகிறது. அளக்கிறவர் காலாப்பட்டு வரை ஒரே நோட்டில் எழுதவேண்டும். கடலூரிலும் அப்படித்தான், முகத்துவாரத்துக்கு வடக்கே தேவனாம்பட்டினம் தாண்டித் தாழங்குடா, பெண்ணையாற்று வாய் வரை பாருங்கள்.

இருநூறு மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொன்றிலும் கரையின் சரிவை அளக்கலாம். இதற்கு இரண்டு கோலும் ஒரு கயிறும் போதும். 1961-ல் எமரி என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதிய முறை இது. ஒன்றரை மீட்டர் உயரமுள்ள இரண்டு கோல்களில், உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் சென்டிமீட்டர் குறியிடுங்கள். நடுவே 2 மீட்டர் கயிறு. ஒருவர் கடல் பக்கக் கோலைப் பிடிக்கட்டும். மற்றவர் கரைப் பக்கக் கோலுக்குப் பின்னால் நின்று, முன் கோலின் உச்சியும் அடிவானமும் ஒரே கோட்டில் வரும்படி கண்ணை வைத்து, அந்தக் கோடு தன் கோலில் எங்கே வெட்டுகிறது என்று படிக்கட்டும். அந்த எண்தான் 2 மீட்டரில் கரை இறங்கிய அளவு. முன்பக்கம் மேடாக இருந்தால், தன் கோலின் உச்சியிலிருந்து பார்த்து முன் கோலில் படிக்கவேண்டும். இப்படியே இடுப்பளவு தண்ணீர் வரை போகலாம்.

நம் கடல் கிழக்கே இருப்பதால் காலையில் வெயில் கண்ணில் அடித்து அடிவானம் கூசும். பிற்பகலில் ஓதம் இறங்கும் நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்வார்கள். அவர்கள் எழுதும் எண்களை நான் நம்புவேன், அவ்வளவு கவனமாகப் படிப்பார்கள்.

செயற்கைக்கோள் படத்தை மட்டும் நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் கரையில், ஓதம் அரை மீட்டர் ஏறினாலே நீர்க்கோடு 5 மீட்டர் உள்ளே வந்துவிடும். படம் எடுத்த நேரத்தின் ஓதம் தெரியாமல் ‘கரை 5 மீட்டர் போய்விட்டது’ என்று சொல்லக்கூடாது. அதேபோல் ஜூலைப் படத்தையும் டிசம்பர்ப் படத்தையும் ஒப்பிடக்கூடாது. கரை பருவத்துக்குப் பருவம் மூச்சு விடுகிற மாதிரி அகன்று சுருங்கும். பிப்ரவரிக்குப் பிப்ரவரி, செப்டம்பருக்குச் செப்டம்பர். இப்படி ஐந்து வருடமாவது சேர்ந்த பிறகே, வருடத்துக்கு இத்தனை மீட்டர் என்று எழுதுங்கள்.

வாரிய மண்ணை வடக்கே கொட்டுவதாக இருந்தால், அது மணலா சேறா என்பதை முதலில் சல்லடையில் பாருங்கள். கரை மணலுக்குச் சமமான அல்லது கொஞ்சம் பருமனான மணல் நிற்கும். சேறு முதல் அலையிலேயே கரைந்து மீனுக்கும் தொந்தரவாகும். எங்கே, எந்தத் தேதியில், எத்தனை கன மீட்டர் கொட்டினார்கள் என்ற பதிவு இல்லாவிட்டால், கரை ஏன் வளர்ந்தது என்பதற்குப் பின்னால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

படி 7: சுவரே எப்படி இருக்கிறது

கல் சுவர் ஒரே நாளில் விழுவதில்லை. முனையில் ஒரு கல் நகரும், பக்கத்துக் கல் ஆடும், அடிமணல் அரித்துப் போகும், மேல்மட்டம் அமிழும். மேலே 20 மீட்டருக்கு ஒரு குறி வைத்து வருடம் ஒருமுறை மட்டம் பாருங்கள். நிலையான இடங்களில் நின்று அதே கோணத்தில் போட்டோ எடுங்கள். ட்ரோன் இருந்தால் அதே உயரத்தில், தாழ்ந்த ஓதத்தில் பறக்கவிடுங்கள். முனையிலும் வளைவிலும் உள்ள கற்களுக்கு எண் எழுதி வைத்தால் எது நகர்ந்தது என்று எண்ணிவிடலாம். நான்கு கால் உள்ள கான்கிரீட் டெட்ராபாட் என்றால் கால் உடைந்தவை எத்தனை, எங்கே என்று தனிப் பட்டியல் வேண்டும். உடைந்தவை ஒரே இடத்தில் கூடினால் அங்கே ஏதோ நடக்கிறது. தண்ணீருக்கு அடியில் சுவரின் பாதத்தில் குழி விழுகிறதா என்பதை ஆழமானிக் கோடுகள் காட்டும்.

அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை, கட்டி முடித்த துறைமுகங்களைக் கண்காணிப்பதற்கென்றே 1980-களிலிருந்து ஒரு தனித் திட்டம் நடத்தியது. கலிபோர்னியாவின் கிரசென்ட் சிட்டியில் 1986-ல் சுவரைச் செப்பனிட்டபோது, 42 டன் எடையுள்ள கான்கிரீட் டோலோஸ் கட்டிகளில் சிலவற்றின் உள்ளேயே கருவி பதித்து, அலை அடிக்கும்போது எவ்வளவு திரிபு (உருமாற்றம்) வருகிறது என்று அளந்தார்கள். நமக்கு அவ்வளவு தேவையில்லை. கட்டி முடித்த கையோடு ஒரு முழு அளவை எடுத்து வைத்து, அப்புறம் வருவதையெல்லாம் அதோடு ஒப்பிடுவது என்ற அவர்களுடைய பழக்கம் நமக்கு வேண்டும்.

படி 8: படகுக்காரரின் கணக்கு

கருவி நிற்கிற நாட்களில் அளப்பவர்கள் இவர்கள்தான். ஏலக்கூடத்தில் ஒரு தடித்த நோட்டைக் கயிற்றில் கட்டி வையுங்கள். தேதி, நேரம், தரை தட்டியதா, எந்த இடத்தில், புரொப்பெல்லர் அடிபட்டதா, வெளியே எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள், கயிறு அறுந்ததா, இவ்வளவே. பெயர் கேட்காதீர்கள், பெயர் கேட்டால் எழுதத் தயங்குவார்கள். ஃபைபர் போட்காரர்களையும் எழுதச் சொல்லுங்கள். ஆழம் அவர்களுக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் வாயில் உடையும் அலையால் கவிழ்வது அவர்கள் படகுதான். இந்த நோட்டில் ஒரே இடம் மூன்று முறை வந்தால் அடுத்த அளவைக்குக் காத்திருக்காமல் அங்கே போய்ப் பாருங்கள்.

படி 9: எப்போது என்ன செய்வது

வரம்புகளை முன்கூட்டியே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பாதையின் மிகக் குறைந்த ஆழம் 3.3 மீட்டரைத் தொட்டால் டெண்டர் வேலை தொடங்கும். 3 மீட்டர் என்றால் பெரிய படகுகளுக்கு ஓத நேரம் சொல்லி அனுப்பவேண்டும். தெற்கு முனைக்கு 30 மீட்டர் மிச்சம் என்றால் மணல் மாற்றும் வேலை. வடக்கே ஏதாவது ஒரு புள்ளியில் கரையின் அகலம் முந்தைய வருடத்து அதே மாதத்தைவிட 5 மீட்டர் குறைந்தால் அந்த ஊர்ப் பஞ்சாயத்துக்கு எழுத்தில் தகவல். இந்த எண்கள் எடுத்துக்காட்டுத்தான். உங்கள் படகுக்கும் கரைக்கும் ஏற்ற எண்ணை நீங்கள் போடவேண்டும். எண்ணே இல்லாமல் ‘தேவைப்படும்போது’ என்று எழுதினால், தேவை வந்த நாளில் யாருக்கும் அதைச் சொல்லும் அதிகாரம் இருக்காது.

அறிக்கை முழுசாக அலுவலகத்தில் இருக்கட்டும். துறைமுகத்தில் ஒரு பலகை வேண்டும், ஏலக்கூடத்தின் சுவரில், பெரிய எழுத்தில், தமிழில். அளந்த தேதி, பாதையில் மிகக் குறைந்த ஆழம், அது எந்த இடத்தில், தெற்கு முனைக்கு எத்தனை மீட்டர் மிச்சம், வடக்கே ஒவ்வொரு ஊரிலும் கரை எத்தனை மீட்டர் அகலம். தடைக்காலம் முடிந்து ஜூன் 14 நள்ளிரவுக்குப் பிறகு முதல் படகு கிளம்பும்போது, அந்தப் பலகையில் அந்த வாரத்து எண் இருக்கவேண்டும்.